கருவாட்டு மேடைக்குத் தண்ணீர் விட்டவர்

அவரை நல்லவர் என்பதா, புளுகர் என்பதா என்று எனக்கு இன்றுவரை ஒரு முடிவும் இல்லை. நல்லவர் என்று யாருக்காவது சொல்லத் தொடங்கினால் பாதியில் எனக்கே கோபம் வந்துவிடுகிறது. சரி, புளுகர்தான் என்று தொடங்கினால் அதையும் முடிக்க மனம் வருவதில்லை. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்களுக்காவது பிடிபடுகிறதா பாருங்கள்.

நகரசபையின் தண்ணீர்த் தாங்கி வண்டியை, பவுசரை, ஓட்டியவர் அவர். மன்னார்ப் பட்டினம் முழுக்க அவரைப் பவுசர் அண்ணை என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் சம்பளக் கந்தோருக்குத் தெரிந்திருக்கும். கட்டையான ஆள், முன்வழுக்கை. வலது காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

"பீடியை விட்டிட்டீங்களோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம்."

"அப்ப ஏன் காதில கிடக்கு? திரும்பவும் துவங்கப் போறீங்களோ?"

"ஓம்."

இதுதான் அவர். நாம் கேள்வியை முடிக்குமுன்பே தலை ஆடிவிடும். அந்த ஓமில் சோம்பலும் இல்லை, நக்கலும் இல்லை. கேட்டவர் மனம் குளிர ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தையலுக்கு வந்த இரண்டு துணிகளைத் தூக்கிக் காட்டி எது வடிவு என்று கேட்டால் இரண்டுக்கும் ஓம். "விடத்தல்தீவு ஆளோ நீங்கள்?" என்று ஒருவர் கேட்க ஓம் என்றார். "இந்தியாவில முகாமில இருந்து வந்தனீங்களோ?" என்று இன்னொருவர் கேட்க அதற்கும் ஓம். இரண்டும் உண்மையாக இருக்கலாம், இங்கே அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெரிய வெள்ளிக்குக் கோயிலில் எங்களோடு முழங்காலில் நிற்பார். சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்தில் பவுசரை நிறுத்தி, நடந்து வந்த சனத்துக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பார். எந்த வேதம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும்தானே.

ஒருமுறை ஒரே நாளில் இரண்டு கல்யாண வீட்டுக்கு ஓம் சொல்லிவிட்டார். இரண்டுக்கும் போனார். ஒன்றில் கதிரை அடுக்கினார், மற்றதில் பந்தியில் சோறு போட்டார். இரண்டு வீட்டு அல்பத்திலும் அதே நீலச் சேட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

வறட்சி மாதங்களில் பெண்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணை, நாளைக்கு எங்கட ஒழுங்கைக்கு முதல் வருவீங்களோ?" எல்லாச் சந்து ஒழுங்கைக்கும் ஓம்தான். மறுநாள் எந்த ஒழுங்கைக்கு முதலில் போனார் என்று பெண்களுக்குள் சண்டை வரும். ஆனால் தண்ணீர் வராத ஒழுங்கை இருந்ததில்லை. அதனால் ஏசிக்கொண்டே மறுபடியும் அவரிடம்தான் கேட்பார்கள்.

என் தையல் கடைக்கு எதிரே பழைய கூட்ஸ் மேடை இருந்தது. தலைமன்னார் ரயில் ஓடிய காலத்தில் அதிலிருந்துதான் கருவாட்டுச் சிப்பங்கள் கொழும்புக்குப் போகும். சண்டைக் காலத்தில் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கருக்கும் மாட்டுப் பட்டிக்கும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு புதுப் பாதை போட்டபோது அது சற்றுத் தள்ளிப் போக, மேடை ஒன்றுக்கும் உதவாமல் தனித்துவிட்டது. உடைமுள்ளும் சோடாப் போத்தலும் கழுதைகளும்தான் அதில் மிச்சம். எங்கள் ஊர்க் கழுதைகளுக்குப் படுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை.

எனக்கு அந்த மேடையில் வேறொரு கணக்கு இருந்தது. என் தம்பியை நான் கடைசியாகப் பார்த்தது அதன் மேற்கு மூலையில். ரயில் நின்றுபோன புதிதில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தான். "வீட்டை போ, வாறன்" என்றான். வரவில்லை. கடலால் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சிலர் சொன்னார்கள். அவனுக்காக இறந்தோர் பூசை கொடுக்க அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆத்துமத் திருநாளில் சேமக்காலைக் கல்லறைகள் முழுக்க மெழுகுதிரி எரியும்போது, எனக்குக் கொளுத்த ஒரு குழி இல்லை. அந்த மூலை ஒன்றுதான் இருந்தது. கடை வாசலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்திருக்கிறேன்.

ஒரு வைகாசி மாதம், நல்ல காய்கிற வெயில். பவுசர் அண்ணை சுற்று முடிந்து வந்து, தாங்கியில் மிஞ்சிய தண்ணீரை அந்த மேடையில் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். ஒரு புல் இல்லாத தரை. பரம்பரையாகக் கருவாட்டு உப்பு ஊறிய மண், நாக்கில் வைத்தால் கரிக்கும். அதற்கு ஒரு மனிதன் நாள் தவறாமல் தண்ணீர் விட்டால் ஊர் என்ன சொல்லும்? மூளை பிசகிவிட்டது என்றது. முன்கடை முஸ்லிம் நானா, சண்டைக் காலத்தில் புத்தளத்துக்குப் போய்த் திரும்பி வந்து தேத்தண்ணிக் கடை போட்டவர், "அண்ணை, சீமெந்து முளைக்கப் போகுதோ?" என்று கேட்டார். அதற்கும் ஓம்தான்.

மிச்சத் தண்ணீரை வீணாக்குகிறார் என்று சபைக்கு ஒரு முறைப்பாடு போனது. சபையில் கூப்பிட்டுக் கேட்டார்கள். தாங்கியைக் காலியாக்கித்தான் பவுசரைக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது அவர்களே போட்ட சட்டம், எங்கே ஊற்றுவது என்று சட்டத்தில் இல்லை. விட்டுவிட்டார்கள்.

கார்த்திகை மழையும் பெய்து கழுவியபிறகு அவர் பூவரசந் தடிகளை ஊன்றினார், பிறகு வேம்பு. கழுதைச் சாணத்தை வாரி அடியில் போட்டார். அதே கழுதைகள் தளிரைத் தின்ன வந்தன. கரையில் எறிந்து கிடந்த கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கட்டினார். கழுதை வாய் வைக்காத பட்டிப்பூவும் அலரியும் ஓரமெல்லாம் நட்டார். எங்கள் கண் முன்னால் அந்த மேடை பச்சையாகிக்கொண்டு வந்தது.

அந்தப் பூவரசு துளிர்த்த காலத்தில்தான் நான் கேட்டேன். கடையைப் பூட்டிவிட்டு ரோட்டைக் கடந்து போனேன். மேற்கு மூலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இந்த மூலையிலதான் என்ர தம்பியைக் கடைசியாக் கண்டனான். அது தெரிஞ்சுதானோ நீங்கள் இதெல்லாம் செய்யிறீங்கள்?"

"ஓம் தங்கச்சி" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். எத்தனை வருடங்களுக்குப் பிறகு ஒரு மனிதர், நான் கேட்காமலே என் தம்பிக்காக ஏதோ செய்கிறார் என்று நெஞ்சு நிறைந்துபோனது. யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து கடைத் துண்டுத் துணிகளைக் கொண்டுபோய்க் கன்றுகளைத் தடியோடு கட்டிவிடுவது என் வேலையானது.

மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். பட்டியிலும் படலையிலும் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைகள், ஒருவரும் கேட்காமலே, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மேடையில் உட்காரும் வாங்குகளாயின. எங்கள் கோயில் மூப்பர் ஒன்று கொண்டுவந்தார். சைவக் கோயில் தர்மகர்த்தா ஒன்று. நானா இரண்டு. பின்னேரங்களில் பிள்ளைகள் விளையாடின, கிழவர்கள் குந்தியிருந்து மீன் விலையைப் பேசினார்கள். நான் மேற்கு மூலையில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவேன். ஏன் இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையாகக் கட்டை சுமந்து வருகிறார்கள் என்று யோசித்தேன்தான். நல்ல சனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தோனியார் பெருநாள் வந்தது. மூப்பரும் ஆட்களும் ஒரு விடியப்புறம் மேடையின் நடுவில் சீமெந்தில் ஒரு பீடம் கட்டினார்கள், அந்தோனியாரின் சுருவம் வைக்க. நானும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறவள்தான், ஆனாலும் இது நல்லதுக்கில்லை என்று பட்டது. மூன்று நாள் போகவில்லை, கிழக்குப் பக்க வேம்பின் கீழ் ஒரு சூலம் நின்றது. அதற்கு மஞ்சளும் குங்குமமும். அடுத்தது என்ன என்று எங்கள் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாய்த்தர்க்கம், தள்ளுமுள்ளு, பொலிஸ். மஞ்சள் நாடா கட்டி ஒருவரையும் ஏறவிடவில்லை. சுற்றிவரக் கம்பி அடித்துப் பூட்டுப் போடப் போகிறார்கள் என்று கதை வந்தது. எனக்கு இருந்த ஒரே மூலையும் பூட்டுக்குள் போகப் போகிறது என்று அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு இளம் பெண் அதிகாரி, பக்கத்தில் ரயில்வே பகுதியிலிருந்து வந்த ஒரு சிங்கள ஐயா. பவுசர் அண்ணை சுவரோரம், நீலச் சேட்டோடு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மூப்பர்தான் முதலில் எழும்பினார். "மிஸ், இது எங்களுக்காகத்தான் செய்தது. பெருநாளுக்குச் சுற்றுப்பிரகாரம் வரேக்க சுருவக் கூடு இறக்கி வைக்க நிழல் வேணுமெண்டு. இவரே சொன்னவர்."

"சொன்னனீங்களோ?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம் மிஸ்."

தர்மகர்த்தா கதிரை விழ எழும்பினார். "என்ன கதை இது! திருக்கேதீஸ்வரத்துக்கு நடந்து போற சனம் இளைப்பாற எண்டெல்லோ எனக்குச் சொன்னவர்!"

"ஓம் மிஸ்" என்றார் அண்ணை, கேட்குமுன்பே.

நானா தயங்கித் தயங்கி எழும்பினார். "சண்டைக்கு வரேல்ல மிஸ். எங்கட வாப்பா அந்த மேடையிலதான் சிப்பம் கட்டினவர். அவரை நினைச்சுத்தான் செய்யிறீங்களோ எண்டு கேட்டனான். ஓமெண்டார்."

அதிகாரி பேனையை வைத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் கேட்டனீங்களோ, இவர் சொன்னவரோ?"

நானா யோசித்தார். "நான்தான் கேட்டனான்."

"நீங்கள்?" "நானும் கேட்டனான்தான்" என்றார் மூப்பர். தர்மகர்த்தா மேல் விசிறியைப் பார்த்தார். அப்போது ரயில்வே ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் கேட்டது. ரயில்வே காணி வேற ஆள் பிடிக்காம பாக்கிறதா எண்டு. ஓம் சொன்னது" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. மூப்பரும் தர்மகர்த்தாவும்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், பீடம் கட்டிய நாளுக்குப் பிறகு முதல்தடவையாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இரண்டும் சுட்டது. மடியில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

"இன்னும் ஆருக்கும் சொன்னவரோ?" என்று அதிகாரி கேட்டார்.

நான் எழும்பவில்லை. தம்பியையும் கொண்டுபோய் அந்தச் சிரிப்புக்குள் போட எனக்கு மனம் வரவில்லை. அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

சிரிப்பு அடங்கக் கோபம் வந்தது. எல்லாரையும் பேய்க்காட்டி ஏமாற்றிய ஆள் என்று மூப்பர் சொல்ல, அதுதான் உண்மை என்று தர்மகர்த்தா சொன்னார். இரண்டு பேரும் ஒரே வாயாகப் பேசியதை நான் கண்டது அன்றுதான். அவருடைய ஓமை வைத்துக்கொண்டு யாரும் உரிமை கேட்க முடியாது என்று ஆகிவிட்டது. வைத்தவர்களே வைத்ததை எடுக்க வேண்டும், ஒருவரும் ஒன்றும் கட்டக் கூடாது, கம்பியும் வேண்டாம் பூட்டும் வேண்டாம், இருந்தபடி எல்லாருக்கும் இருக்கட்டும் என்று முடிவானது. குழப்பத்துக்குக் காரணமானவரை மட்டும் அங்கே வைத்திருக்கக் கூடாது என்றார்கள்.

"பெருநிலப் பக்கம், பாப்பாமோட்டைப் பக்கம் மாத்தினால் போவீங்களோ?" என்று அதிகாரி கேட்டார். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"ஓம் மிஸ்."

பூட்டு விழவில்லை என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வந்தது எரிச்சல்தான். இந்த மனிதர் இப்படி முடியும் என்று தெரிந்துதான் எல்லாருக்கும் தலையாட்டினாரா, அல்லது வெறும் அப்பாவியா? அதைவிட, என் தம்பி? அவனும் அந்தக் கல்யாண வீட்டு ஓம்களில் ஒன்றுதானா?

மாற்றத்துக்கு முதல் நாள் பவுசரைக் கொண்டுவந்து மேடையடியில் நிறுத்தினார். நான் அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ரோட்டைக் கடந்து போனேன்.

"அண்ணை, என்ர தம்பியைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

முதல்தடவையாக, ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் காதிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார்.

"நீங்கள் அண்டைக்குச் சொல்லித்தான் தெரியும் தங்கச்சி."

"அப்ப ஏன் ஓமெண்டனீங்கள்?"

"நீங்கள் கண் கலங்கிக்கொண்டெல்லோ கேட்டனீங்கள். இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"உண்மையா ஏன் செய்தனீங்கள்? இப்பவாவது சொல்லுங்கோ."

"மிச்சத் தண்ணியை எங்கையாவது ஊத்தத்தானே வேணும்" என்றார். அவர் குழாயைச் சுருட்டி முடித்து, ஏறுவதற்குப் படியில் கால் வைத்துக்கொண்டு சொன்னார். "ஆனா நீங்கள் சொன்னதுக்குப் பிறகு முதல் தண்ணி அந்த மூலைக்குத்தான் தங்கச்சி. அதுக்குப் பிறகுதான் மற்றதுகளுக்கு. ஒருநாளும் மாறேல்லை."

"புளுகாதேங்கோ!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தது, அதை அவருக்குக் காட்ட விருப்பமில்லை.

"ஓம்" என்று சொல்லிவிட்டு பவுசரைக் கிளப்பினார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. பாப்பாமோட்டைப் பக்கம் கொஞ்சக் காலம் இருந்தார் என்றும், பிறகு இந்தியாவுக்கே போய்விட்டார் என்றும் சொல்கிறார்கள். அவரிடம் கேட்டிருந்தால் இரண்டுக்கும் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று மாலை முழுக்க யோசித்தேன். பவுசர் வரும் சத்தம் எனக்குத் தினமும் கேட்கும். ஆனால் என் மெசின் சுவரைப் பார்த்தபடி இருந்தது. ஒரு தையலை ஓட்டி முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது அவர் எப்போதும் மேடையின் நடுவில் நின்றிருப்பார். எங்கே தொடங்கினார் என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. நானாவிடம் போய், "உங்கட வாப்பா இருந்த இடத்துக்குத்தான் முதல் தண்ணி எண்டு அவர் உங்களுக்கும் சொன்னவரோ?" என்று கேட்டேன். நானா தேத்தண்ணியை இரண்டு தரம் ஆற்றினார். "அது எனக்கும் அவருக்கும் இடையில உள்ள கதை தங்கச்சி" என்றார். சொன்னாரா இல்லையா என்று அதிலிருந்து என்ன விளங்குவது?

மறுநாள் காலை கடையைத் திறக்கிற நேரம் விடியற்காலைச் சுற்றின் மிச்சத் தண்ணீரோடு பவுசர் வந்து நின்றது. புது றைவர், இளம் பொடியன், ஊருக்குப் புதுசு. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையைப் பார்த்தான். மூப்பர் பீடத்தை உடைத்து எடுத்த இடம், சூலம் நின்ற வேம்படி, நானாவின் வாங்குகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, முந்தின ஆள் எங்கையிருந்து துவங்கிறவர்? ஒழுங்கு ஏதும் இருக்கோ?"

நான் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தேன். நானா இன்னும் கடை திறக்கவில்லை. என் தம்பி கால் தொங்கப் போட்டு இருந்த மூலையைக் கையால் காட்டினேன்.

"முதல் அங்க விடுங்கோ தம்பி. அவர் எப்பவும் அங்கையிருந்துதான் துவங்கிறவர்."